நான் இல்லாதப்ப என்ன மாறிச்சு?

கேன்டீனில் பாதி டீயை வைத்துவிட்டு ஃபோன் பேசப் போனால், மேடம் திரும்பி வந்து அந்த டீயைக் குடிக்க மாட்டார். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு எதிரில் இருப்பவரிடம் கேட்பார்:

"நான் இல்லாதப்ப இங்க என்ன மாறிச்சு?"

"ஒரு ஈ வந்து உக்காந்துட்டுப் போச்சுங்க மேடம்" என்று நான் ஒருமுறை சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. டீயைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வேறு வாங்கிக்கொண்டு வந்தார்.

பாலக்காட்டுப் பக்கம், முதலமடைக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் ஓர் அணை. அணையின் பெயரும் வேண்டாம், அவர் பெயரும் வேண்டாம். எழுபதுகளின் கடைசி வருஷங்களில் நான் அங்கே கரண்ட் பிரிவில் சூப்பர்வைசர். சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. லைன் போனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். டீசல் ஜெனரேட்டர் கிளம்பாவிட்டால் என்னைத்தான் திட்டுவார்கள். அவர் அங்கே கம்ப்யூட்டரோடு வந்து சேர்ந்தவர். வண்டிப்பெரியாரில் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவருடைய மகள். கணக்கில் எம்.எஸ்ஸி. முப்பதைத் தாண்டியிருந்தார், கல்யாணம் ஆகவில்லை. என் வயதுதான். ஆனாலும் நான் மேடம் என்பேன், அவர் அண்ணே என்பார்.

முதலமடையில் ஒரு மாங்காய் வியாபாரி வீட்டு மாடியில் குடியிருந்தார். அந்த வீட்டம்மா என்னை எங்கே பார்த்தாலும் இதைத்தான் சொல்லிச் சிரிப்பார்: "குளிச்சுட்டு வந்தாலும் கேக்குதுங்க இந்தப் புள்ள. என்ன மாறிச்சு, என்ன மாறிச்சுன்னு. செவுத்துல இருந்த பல்லி எடம் மாறிருச்சு தாயீன்னேன். அதையும் போயிப் பாத்துட்டு வந்துச்சுங்க."

எல்லாருக்கும் அது சிரிப்பாக இல்லை. ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்த பெண் ஒருநாள் அழுதே விட்டாள். தன்னைச் சந்தேகப்பட்டுத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று அவளுக்கு. "அவங்க மேசையில நான் எதுக்குக் கை வெக்கறனுங்க?" என்றாள் என்னிடம். அவரிடம் போய்ச் சொன்னேன். முகம் வாடிப்போயிற்று. "அய்யோ, அவள எதுக்கு நான் சந்தேகப்படுதேன்? எனக்கு என் மேலதான் சந்தேகம்" என்றார். அடுத்த நாள் அந்தப் பெண்ணுக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தவர், பின்னாலிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார். கேட்கத்தான் வாயெடுக்கிறார் என்று தெரிந்தது. கேட்காமல் அடக்கிக்கொண்டார்.

அந்தக் கம்ப்யூட்டர் இரண்டு பீரோ உயரம் இருக்கும். அதற்கென்று குளிரூட்டிய அறை. மலைமேல் எஸ்டேட்டுகளில் தினமும் பெய்கிற மழை அளவை ஃபோனில் சொல்வார்கள், அதை இதில் ஏற்றுவார்கள். நாளைக்கு அணைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று அது கணக்குப் போட்டுக் காகிதத்தில் அடித்துத் தரும். முதலில் சும்மா பரீட்சை பார்ப்பதற்காக வைத்தது. போகப்போக, ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும் அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் என்றாகிவிட்டது.

மெஷினுக்கு ஞாபகம் இரண்டு இடத்தில் என்பார் மேடம். ஒன்று உள்ளே. கடுகளவுகூட இல்லாத இரும்பு வளையங்களைக் கம்பியில் கோத்த பலகை. கரண்ட் போனாலும் அதில் இருப்பது அழியாது. இன்னொன்று டிஸ்க். தோசைக்கல் அகலத்தில் ஒரு தட்டு, பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். மழைக் கணக்கெல்லாம் டிஸ்க்கில்தான். ஆனால் டிஸ்க்கில் எந்த இடத்தில் என்ன இருக்கிறது, எந்த இடம் காலி என்பதை மெஷின் உள்ளே நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்யும். ஒவ்வொன்றையும் உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதாது, சேர்த்து வைத்து எழுதும்.

கரண்ட் போகிற அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில், தான் செய்துகொண்டிருந்த வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வளையங்களில் போட்டுவிட்டு அது நின்றுவிடும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பார்க்க வருகிற பெரிய மனிதர்களுக்கு முதலில் இதைத்தான் காட்டுவார்கள். நானே எத்தனையோ தடவை மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றியிருக்கிறேன். எல்லாரும் கைதட்டுவார்கள். மேடம் மட்டும் தட்ட மாட்டார்.

"இதுல பயப்பட என்ன இருக்குதுங்க?" என்று கேட்டேன் ஒருநாள்.

"தூங்கி எந்திரிச்ச ஆளு, படுக்கப் போறப்ப வீடு எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கும்னு நெனச்சுத்தான் இருட்டுல நடக்கான். அதுக்கெடையில எவனாவது கட்டில நகட்டி வச்சிருந்தா? ஒரு நா முட்டிக்கிடுவானா இல்லயா?"

கரண்ட் நிறுத்தப்போகிறோம் என்று முன்கூட்டியே ஃபோன் செய்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி. ஓடுகிற வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துவார். உள்ளே சேர்ந்திருப்பதை எல்லாம் டிஸ்க்கில் எழுதவைப்பார். டிஸ்க் சுழன்று ஓய்கிற சத்தம் அடங்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். அப்புறம்தான் எனக்கு ஃபோன் வரும்: "இனி எடுத்துக்கோங்க அண்ணே." சொல்லாமல் போய்விட்ட கரண்ட் திரும்பி வந்தால், மெஷினைத் தன்பாட்டுக்குத் தொடர விடமாட்டார். டிஸ்க்கை யாராவது தொட்டார்களா என்று கேட்பார். தொட்டிருந்தால், உள்ளே இருக்கிற ஞாபகம் மொத்தத்தையும் துடைத்துவிட்டு, டிஸ்க்கை முதலிலிருந்து படிக்கச் செய்து புதிதாகத் தொடங்குவார். அரை நாள் வேலை போனாலும் போகட்டும் என்பார்.

இதற்காகவே மெஷினுக்குள் ஒரு சின்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்று பெரிய இன்ஜினியரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். வேலை தொடங்கும்போதே டிஸ்க்கில் ஓர் அடையாளம் போட்டுவிட வேண்டும். இது ஒரு மெஷினின் கையில் இருக்கிறது, வேறு மெஷின் இதில் எழுதக் கூடாது என்று பொருள். தூங்கி எழுகிற மெஷினும் முதலில் அந்த அடையாளம் போட்டபடியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே போகக் கூடாது. பெரிய இன்ஜினியர் பாலக்காட்டுக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர். "மழைக்காலம் கழியட்டும், செய்யாம்" என்று சொல்லிவிட்டார்.

எதனால் இப்படிப் பயப்படுகிறார் என்பதை ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னார். கரண்டுக்காகக் காத்திருந்த ஒரு மத்தியானம், ஜெனரேட்டர் கொட்டகை வாசலில் நின்றபடி. அவர் எட்டாவது படிக்கும்போது அவருடைய அப்பா கோயில் கொடைக்காகத் தென்காசிப் பக்கம் சொந்த ஊருக்குப் போயிருந்தார். அந்தச் சமயத்தில் எஸ்டேட்டில் பெருமழை. ஃபேக்டரியிலிருந்து லயத்து வீடுகளுக்கு வருகிற குறுக்குப் பாதையில் ஓடைமேல் ஒரு பலகைப் பாலம் இருந்தது. மழையில் அது போய்விட்டது. அப்பா ஊரிலிருந்து திரும்பி, பஸ்ஸை விட்டு இறங்கி, கருக்கலில் அந்தப் பாதையிலேயே வந்திருக்கிறார்.

"கண்ண மூடிக்கிட்டே நடப்பாக அந்தப் பாதையில. பாலம் போனது எஸ்டேட்டுக்கே தெரியும் அண்ணே. எங்க அப்பாவுக்கு மட்டும் யாரும் சொல்லல."

அவ்வளவுதான். கரண்ட் வந்ததும் அறைக்குள் போய்விட்டார்.

அந்த வருஷம் ஆடி மாதம் மலைமேல் விடாமல் மழை. கீழே எங்கள் பக்கம் தூறலோடு சரி, ஆனால் ஆறு மட்டும் செம்மண் நிறத்தில் ஏறிக்கொண்டே வந்தது. இரண்டு ஷட்டர்களைத் திறந்து விட்டிருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து வண்டிப்பெரியாரிலிருந்து மேடத்தின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி. போகவும் மனமில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை. டிஸ்க் பெட்டியின் சாவியைப் பெரிய இன்ஜினியரிடம் கொடுக்கும்போது, "சார், கரண்ட் போயி வந்தா தன்னால ஓட விட்டுறாதீங்க" என்று மூன்று நான்கு முறை சொன்னார். அவரும் சரி சரி என்று வாங்கிக்கொண்டார்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அணைக்குக் கீழே ஆற்றோரத்தில்தான் என் தங்கையின் வீடு. மண்சுவர், ஓட்டுக்கூரை. அவளுக்கு முதல் குழந்தை பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஷட்டர் திறந்ததிலிருந்து தண்ணீர் அவர்கள் தென்னந்தோப்பில் ஏறி வாசலுக்கு வந்துவிட்டது. இரண்டு ஷட்டரையும் இறக்கினால் வீடு தப்பிக்கும். இன்னும் ஏற்றினால் போகும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மேடம் ஊருக்குப் போயிருந்த ஒருநாள் காலையில் இடி விழுந்து லைன் போயிற்று. ஜெனரேட்டரில் டீசல் வருகிற குழாய் அடைத்துக்கொண்டு கிளம்ப மறுத்தது. மெஷின் பாதிக் கணக்கில் அப்படியே நின்றது. எஸ்டேட்டுகளிலிருந்து காலை மழை அளவுகள் வந்து குவிந்திருந்தன. பெரிய இன்ஜினியருக்குப் பொறுக்கவில்லை. பாலக்காடு ரோட்டில் ஒரு ஃபேக்டரியில் இதே மாதிரி மெஷின் உண்டு. டிஸ்க்கைக் கழற்றி ஜீப்பில் அங்கே அனுப்பினார். அங்கே காலை அளவுகளை எல்லாம் ஏற்றிவிட்டார்கள். கணக்குப் போடத் தொடங்குமுன் அங்கேயும் கரண்ட் போய்விட்டது. டிஸ்க் திரும்பி வந்தது. பழையபடி எங்கள் மெஷினில் மாட்டினார்கள். அதற்குள் நான் குழாயைச் சரிசெய்துவிட்டேன். ஜெனரேட்டர் கிளம்பியது. மெஷின் விளக்குகள் பளிச்சென்று எரிந்து, எதுவுமே நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது.

எல்லாருக்கும் உயிர் வந்தது. மேடம் சொல்லிவிட்டுப் போனதை அந்த அவசரத்தில் யாரும் நினைக்கவில்லை. காகிதம் அடித்து வெளியே வரத் தொடங்கியது. பெரிய இன்ஜினியர் எட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளம் குறையும்னு காணுது. ரெண்டு ஷட்டரும் இறக்கிடலாம். முழுசும் வரட்டும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தங்கையின் வீடு நிற்கும்.

அப்போதுதான் மேடம் உள்ளே வந்தார். குமுளி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். புடவை முழங்கால்வரை சேறு. அம்மாவுக்குத் தேவலையா என்றுகூட யாரும் கேட்கவில்லை. அவரும் யாரையும் விசாரிக்கவில்லை.

"நான் இல்லாதப்ப என்ன மாறிச்சு?"

"ஒண்ணும் மாறலை" என்றார் பெரிய இன்ஜினியர். "கரண்ட் போச்சு, வந்தாச்சு. மெஷின் நல்லா ஓடுது, நோக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. போன டிஸ்க் அப்படியே திரும்பி வந்துவிட்டது, அவர் கணக்கில் எதுவும் மாறவில்லை. மேடம் என்னைப் பார்த்தார். நான் சொன்னால் இவர் மெஷினை நிறுத்துவார் என்று தெரியும். நிறுத்தினால் ஷட்டர் இறங்காது என்றும் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"டிஸ்க்கு ஜீப்புல வெளிய போயிட்டு வந்துச்சுங்க மேடம்."

"எங்க?"

"பாலக்காட்டு ரோட்டு ஃபேக்டரிக்குங்க. காலையில வந்த மழைக் கணக்கெல்லாம் அங்க ஏத்துனாங்களாமுங்க."

அவர் ஓடவில்லை, கத்தவில்லை. நேரே போய்ச் சுவிட்சைத் தள்ளினார். மெஷின் நின்றது. காகிதமும் பாதி வரியில் நின்றது.

"எந்தா இது! ஆரு நிறுத்தச் சொன்னது?" பெரிய இன்ஜினியர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"சார், இதுக்கு டிஸ்க் வெளிய போனதே தெரியாது. கரண்ட் போறதுக்கு முந்தி எந்த எடம் காலின்னு நெனச்சுதோ, இப்பவும் அது காலின்னுதான் நெனைக்கும். அங்கதான் இன்னைக்குக் காலையில உள்ள மழை இருக்கு. அது மேலயே எழுதிக்கிட்டு இருக்கு சார். நேத்தைய மழைய வச்சுக் கணக்குச் சொல்லுது."

"உறப்பாத் தெரியுமோ?"

மேடம் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. "தெரியாது சார். நிச்சயமாத் தெரியாது. தெரியாததுனாலதான் நிறுத்தினேன்."

பெரிய இன்ஜினியர் பாதி வரியில் நின்ற காகிதத்தைப் பார்த்தார். வெளியே ஆற்றின் இரைச்சல் கேட்டது. "ஷட்டர் அப்படியே நிக்கட்டும்" என்று கடைசியில் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மேடம் மெஷினின் உள் ஞாபகத்தைத் துடைத்தார். பீரோவில் பூட்டி வைத்திருந்த பழைய நகல் டிஸ்க்கை எடுத்து மாட்டினார். அந்த நகலுக்குப் பிறகு பெய்த மழை முழுவதையும் ஏற்ற வேண்டும். இன்றைய அளவுகளை எஸ்டேட்டுகளிடம் திரும்பக் கேட்டு வாங்கினோம். ஃபோன் கிடைக்காத இடங்களுக்குப் போலீஸ் வயர்லெஸ்ஸில் சொல்லியனுப்பினோம். நான் வாசித்தேன், அவர் ஏற்றினார். ஒவ்வொரு அளவையும் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார்.

நடுவில் தலைநிமிராமல் கேட்டார்: "ஆத்தோரத்துல உங்க ஆளுக யாரும் இருக்காகளா அண்ணே?"

"தங்கச்சி ஊடு இருக்குதுங்க. கைக்கொழந்தக்காரி."

அவர் விரல்கள் தப்பான எழுத்தில் விழுந்தன. அழித்துவிட்டுத் திரும்ப அடித்தார். "ஆளுகள வெளிய கொண்டாந்தாச்சா?"

"மச்சான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாருங்க."

"சரி. அடுத்தது வாசிங்க."

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் புதுக் கணக்கு வந்தது. வெள்ளம் குறையாது, இன்னும் ஏறும். மூன்றாவது ஷட்டரையும் திறக்கச் சொன்னார் பெரிய இன்ஜினியர். உத்தரவைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று இரவு தண்ணீர் அணையின் விளிம்பை வந்து தொட்டுக்கொண்டு நின்றது. அதற்குமேல் ஏறவில்லை. விடிந்தபோது குறையத் தொடங்கியிருந்தது.

அனுமதி இல்லாமல் மெஷினை ஏன் நிறுத்தினீர்கள் என்று மேலிடத்திலிருந்து அவருக்கு விளக்கம் கேட்டு வந்தது. பதில் எழுதினார். பிறகு அந்த அடையாளம் போடுகிற ஏற்பாட்டை உடனே செய்யும்படி உத்தரவும் அதே மேலிடத்திலிருந்து வந்தது. கெட்டுப்போன டிஸ்க்கை அவர் பொறுமையாகப் படித்துப் பார்த்தார். காலை மழை அளவுகள் இருக்க வேண்டிய இடத்தில் பாதிக்குமேல் வேறு ஏதோ எழுதியிருந்தது.

"அப்ப நீங்க பண்ணுனது செரிதானுங்களே" என்றேன்.

"இந்தத் தடவ சரி" என்றார். அவர் முகத்தில் நிம்மதியே இல்லை. "ஒருவேள அது சரியான கணக்காவே இருந்து நான் நிறுத்தியிருந்தா, உங்க தங்கச்சி வீடு சும்மா போயிருக்கும்லா?"

தங்கையைப் பார்க்க வேண்டும் என்று அவராகத்தான் கேட்டார். வேண்டாமுங்க என்றேன், கேட்கவில்லை. ஆற்றோரத்து ஜனங்கள் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார்கள். ஒரு வகுப்பறை மூலையில், பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என் தங்கை. யார் என்று நான் சொல்லுமுன்பே தெரிந்துகொண்டாள். ஊர் முழுக்க அந்தப் பேச்சுத்தானே.

"நீங்கதானுங்களா அந்த மெஷின நிறுத்துனது?"

"ஆமா."

"அது ஷட்டர எறக்கலாம்னு சொல்லுச்சாமுங்க?"

"ஆமா."

"எங்கூடு மண்ணோட மண்ணாப் போச்சுங்க. எருமையும் போயிருச்சு."

அணை உடைந்திருந்தால் ஊரே இருந்திருக்காது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மேடம் என் கையைப் பிடித்து நிறுத்தினார். தங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமா என்னவென்று எனக்குத் தெரியவில்லை. குழந்தை சிணுங்கியது. தட்டிக்கொடுத்து அடக்கினாள்.

"செத்த இவளப் புடிங்க" என்று குழந்தையை அவர் மடியில் வைத்தாள். "தண்ணி வடிஞ்சிருச்சாமுங்க. போயி ஏதாச்சும் மிச்சம் கெடக்குதான்னு பாத்துட்டு வாறனுங்க."

அவர் அதற்குமுன் கைக்குழந்தையைப் பிடித்ததே இல்லை போலிருக்கிறது. இரண்டு கைகளையும் விறைப்பாக வைத்துக்கொண்டு, முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். நானும் தங்கையோடு போனேன். இடுப்பளவு சேற்றைக் கிளறிக் கிளறி ஒரு நசுங்கிய பித்தளைக் குண்டாவும் அம்மிக் குழவியும் கிடைத்தன. வேறொன்றும் இல்லை. நாங்கள் திரும்பி வர வெகுநேரம் ஆகிவிட்டது.

அவர் நாங்கள் விட்டுப்போனபடியே உட்கார்ந்திருந்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, கீழ படுக்க வெச்சிருக்கலாமுங்களே. காலு மரத்துப் போயிருக்குமே" என்றாள் தங்கை.

"அசஞ்சா முழிச்சிருவாளோன்னு பயமா இருந்துச்சு."

"முழிச்சா அழுவா, அவ்வளவுதானுங்க."

அப்படிச் சொன்னவள் குழந்தையைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, நசுங்கிய குண்டாவைக் குழவியால் மெல்ல மெல்லத் தட்டி நிமிர்த்தத் தொடங்கினாள்.